எட்டு இடக்கைக்காரிகள்

முதலில் விவரி.
பெயரடை வேண்டாம். உவமை வேண்டாம்.
முப்பது வருடமாக என் குறிப்பேட்டின் உள்ளட்டையில்
இதை எழுதி வைத்திருக்கிறேன்,
புது நோட்டு வாங்கும்போதெல்லாம் மறுபடியும்.

ஆகவே:
கறுப்பு வெள்ளை. அகலம் நாற்பது சென்டிமீட்டர்.
லியெபாயா மீன் ஆலை, எழுபத்து மூன்றாம் வருடம்.
எடுத்தவர் வில்னிஸ் க்ரெஸ்லின்ஷ்.
துத்தநாகத் தகடு அடித்த நீள மேசை.
எட்டுப் பெண்கள். எட்டு ரப்பர் முன்கட்டு. எட்டுக் கத்தி.
ஹெர்ரிங் மீன்களை எண்ணிப் பார்த்து
இருநூறில் கைவிட்டேன்.
ஏழு பேர் குனிந்திருக்கிறார்கள்.
மூன்றாவது ஆள் மட்டும் நிமிர்ந்து
இடப்பக்க ஜன்னலைப் பார்க்கிறாள்.
இடது கையில் மோதிரம்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் எங்கள் கரையில்
கட்டிய மோதிரம் வலக்கையில்தான் இருக்கும்.
புருஷன் போனால் இடக்கைக்கு மாறும்.
எனக்கு அது போதுமாயிருந்தது.
வெள்ளிக்கிழமை ரீகா தினசரியில் அரைப் பக்கம் எழுதினேன்:
அவள் விதவை,
வெளிச்சம் வரும் திசையில் தேடுவது திரும்பாத படகை,
சட்டகத்தின் இடப்பக்கம் என்பது கடந்துபோனது,
வலப்பக்கம் வரப்போவது.
(எங்கள் தொழிலில் யாரும் கேள்வி கேட்காத வாஸ்து இது.)
நன்றாகத்தான் வந்திருந்தது.
மூன்று பேர் போன் செய்து அழுதார்கள்.

செவ்வாயன்று வென்ட்ஸ்பில்ஸிலிருந்து ஒரு கடிதம்,
அல்டோனிஸ் பெர்ஸிங்ஸ், பல் மருத்துவர்.
“அம்மணி, எட்டுப் பேரும் இடக்கையால் மீன் அறுக்கிறார்கள்.
அப்படிப் பார்த்துப் பார்த்து ஆள் எடுத்த ஆலையா அது?
நானும் இடக்கைக்காரன்.
பள்ளியில், பட்டாளத்தில், பல் பிடுங்கும் இடத்தில்
ஒரு துணைகூட எனக்குக் கிடைத்ததில்லை.
அதனால் கேட்கிறேன்.”

மோதிரத்துக்காக அந்தக் கையைப் பார்த்தேன்.
அதே கை கத்தியைப் பிடித்திருந்ததைப்
பார்க்கவில்லை.

காப்பகத்தில், விளக்கு மேசை மேல், அந்த நெகட்டிவ்.
ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல்.
யாரோ ஒருநாள் இருட்டறையில்
திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ,
அச்சுப் பிரதியின் முதுகில் பென்சிலில் அவரே கையெழுத்து.
தவறா? இல்லை, இப்படித்தான் வேண்டுமென்று செய்ததா?
செத்தவர் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார்.

“பதினேழாம் தேதி முடிகிறது, தொங்கட்டும்” என்றாள்
கண்காட்சிப் பொறுப்பாளர் ஸைகா.
ஆசிரியர் இரண்டு வரி கொடுத்தார்,
குறுக்கெழுத்துப் போட்டி விடைகளுக்குக் கீழே:
இடது என வருமிடங்களில் வலது என்று வாசிக்கவும்.
விதவை என வருமிடத்தில்?
அதற்கு இடமில்லை.

கட்டிக்கொண்டவள் என்று அவளை நினைத்துப் பார்க்கிறேன்.
அந்தக் காலத்து மதியம்,
வீட்டில் பாத்திரம் போட்டது போட்டபடி கிடக்க,
சங்கு ஊதுமா என்று பார்க்கிறாளோ.
பாருங்கள், மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம்
பவுடர் டப்பாக் கண்ணாடியோடு போனேன்.
படத்துக்கு முதுகைக் காட்டி நின்று
தோளுக்கு மேலாகப் பிடித்தேன்.
விமர்சகி புறமுதுகிட்டாள் என்று
காவலாளி நினைத்திருக்கலாம். இருமினார்.

கண்ணாடிக்குள் ஜன்னல் இடம் மாறியது.
கத்திகள் வலக்கைகளுக்குப் போயின.
ஓரத்தில் என் காது, பாதிக் கன்னம்,
துடைக்க வராத பவுடர்.

நோட்டைத் திறந்தேன்.
எட்டுப் பெண்கள். வலக்கையில் கத்தி.
ஒருத்தி நிமிர்ந்திருக்கிறாள்,
எதைப் பார்க்கிறாள் என்பது படத்தில் இல்லை.
அவள் முன்கட்டின் வாரில் மினுங்கும் செதில் ஒன்று.

மினுங்கும் என்பதை அடிக்கப்
பேனாவைக் கொண்டுபோனேன்.
காவலாளி அதற்குள்
கடைசி அறையின் விளக்குகளை
ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியிருந்தார்.